தம்பிக்கு நான் எடுத்த டியூஷன்

மூன்றாம் வகுப்பில் இருந்த என் தம்பிக்கு நான் எடுத்ததைப் போன்ற கறாரான டியூஷன் மயிலாப்பூரில் வேறெங்கும் நடந்திருக்காது. எனக்கு அப்போது பதினொரு வயது.

எங்களோடு தங்கியிருந்த சித்தி நரம்பு உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு நினைவோ கவனமோ வாசிப்போ எங்கே தடுமாறுகிறது என்று பரிசோதித்துச் சொல்லும் படிப்பு. பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே, மாலையானால் என்னை உட்காரவைத்துவிடுவாள். அவள் சொல்லும் எண்களை நான் திருப்பிச் சொல்ல வேண்டும், படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்க வேண்டும். ஒரே மாதத்தில் எனக்கு எல்லாம் மனப்பாடம். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். தம்பி வெளியாள் இல்லையே.

தம்பிக்கு வாசிப்பு வரவில்லை. ஒரு வரியை முடிப்பதற்குள் வியர்த்துவிடுவான். வாசிப்பில் குறை இருப்பதாகச் சான்றிதழ் கொண்டுவந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் தருவோம், இல்லையென்றால் மறுபடியும் அதே வகுப்புதான் என்றது பள்ளிக்கூடம். சொந்தக்காரர்களைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்று சித்தி அடையாறிலிருந்த தன் மேடத்திடம் நாள் வாங்கித் தந்தாள். சித்தி எனக்கு வைத்த அதே டெஸ்ட்தான் என்று காதில் விழுந்ததும் நான் களத்தில் இறங்கினேன். என் தம்பி ஒரு டெஸ்ட்டில் தோற்பதா?

பத்து நாள், மொட்டைமாடியில். எண்களை வாய்ப்பாடு போல ராகம் போட்டுச் சொல்லவைத்தேன்.

"போதும்க்கா, தலை வலிக்குது."

"இன்னும் ஒரே வாட்டி சொல்லு, விட்டுடறேன்."

விடவில்லை. அழுதுகொண்டே சொன்னான்.

டெஸ்ட் அன்று நானும் அம்மாவும் மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேடம் இரண்டு எண்தான் சொல்லியிருப்பார், மீதியைத் தம்பி ராகத்தோடு முடித்தது வெளியே கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"யாரோ நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. எதை எடுத்தாலும் அவனுக்கு முன்னாடியே தெரியுது. இதை வெச்சு நான் ஒண்ணும் எழுதித் தர முடியாதும்மா" என்றார் மேடம். "எல்லாம் மறக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நல்லா சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றதை மட்டும் நான் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது அம்மா ஆட்டோவுக்கு வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். தம்பி என் காதருகே வந்தான்.

"எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டேன்க்கா. இனிமே ஸ்கூல்லயும் எனக்குப் படிக்க வந்துடும், இல்ல?"

"வந்துடும்டா" என்று அடித்துச் சொன்னேன்.