கமராவைத் திறக்க முன்

பழைய பிலிம் கமராக்களைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. அண்மையில் அரிப்பு என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து றீற்றா அக்கா, கடலில் காணாமற்போன கணவரின் கமராவைக் கொண்டுவந்தார். வெறுமையென்று நினைத்துப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே பிலிம்! பதறி மூடினேன்.

“அவர் எடுத்த படங்களோ தம்பி? எல்லாம் போயிட்டுதோ?”

மூடியைத் திறக்காமலே பிலிமை அதன் குப்பிக்குள் சுற்றி எடுத்தேன்.

அதைக் கொழும்புக்குக் கழுவ அனுப்பினேன். வெளிச்சம் பட்டு மற்றவை அழிந்துவிட, சுருளின் உட்புறத்திலிருந்த ஒரு படம் மட்டும் தப்பியிருந்தது. அதில் அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதில அண்ணை இல்லையே அக்கா” என்றேன் வருத்தத்துடன்.

“எனக்கு முன்னால நிண்டு சிரிக்க வைச்சது அவர்தானே” என்றவர், படத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

இப்போதெல்லாம் கமராவில் பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை முதலில் மெல்லத் திருப்பிப் பார்க்கிறேன். இறுகினால் உள்ளே பிலிம் இருக்கிறது. அதைக் குப்பிக்குள் முழுதாகச் சுற்றிய பிறகே மூடியைத் திறக்கிறேன்.