லியோனில் சீஸ் கடை வாசலில்

காய்ச்சலோடு என் கணவருக்கு மணமும் ருசியும் போய்விட்டன. காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டது. மணம் திரும்பவில்லை. மெல்பேர்னில், எங்கள் கிளென் வேவர்லி வீட்டுக் குசினியில் ஒருநாள் சோறு அடிப்பிடித்துக் கருகியபோது, அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்த என்னைப் பார்த்து, "என்ன அவசரம்?" என்று கேட்டார். மீன் குழம்பின் மணத்தை வைத்தே உப்புக் குறைவென்று சொல்கிற மனிதர். அன்றைக்கு அவர் முகத்தை என்னால் நேரே பார்க்க முடியவில்லை.

பிரான்சில் லியோனுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்று, காய்ச்சலுக்கு முன்பே அவர்தான் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்.

"இனி எதுக்கு? வேற எங்கையாவது போவமே?" என்றேன்.

"நீர் சாப்பிடும். நான் நடக்கிறன்."

ஒக்டோபரில் போனோம். மெல்பேர்னின் வசந்தத்தை விட்டு, அங்கே இலையுதிர் காலத்துக்குள் இறங்கினோம். இரண்டு ஆறுகள் ஓடும் ஊர். விடியலில் மூடுபனி ஆற்றிலிருந்து எழும்பித் தெருக்களுக்குள் வந்துவிடும். பாலத்தின் பாதிதான் தெரியும்; மறுபாதி நாங்கள் நடக்க நடக்க வந்து சேரும். பழைய நகரில் சில கதவுகளைத் தள்ளினால் உள்ளே வீடு இல்லை, இருண்ட நடைவழி. அதன் முடிவில் ஒரு முற்றம், சுழன்று ஏறும் படிகள், பிறகு இன்னொரு கதவு. அதைத் திறந்தால் வேறு தெரு. முற்காலத்தில் பட்டு நெசவுக்காரர் துணி நனையாமல் கொண்டுபோன வழிகளாம். கனவில் நடப்பதுபோல, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே நடந்தோம்.

சாப்பிடத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. றோஸ் நிறப் பாதாம் இனிப்பு ஊற்றிய டார்ட் என்னும் பலகாரம் ஒன்றைக் கடித்துவிட்டு, "பரவாயில்லை," என்றேன்.

"பொய் சொல்லாதேயும். சரியாச் சொல்லும்."

சொன்னேன். மேலே பிசுபிசுவென்று பல்லில் ஒட்டுகிறது, கீழே வெண்ணெய் மணக்கிற மா பொருபொருவென்று உதிர்கிறது, நடுவில் பாதாம் நறுக்கென்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் துண்டை மெதுவாக மென்றார். அதன்பிறகு ஒவ்வொரு வாய்க்கும் நான் சொல்ல, அவர் கேட்க, அப்படியே எங்கள் சாப்பாடு நடந்தது.

ஒரு காலை, சந்தைத் தெருவில் ஒரு சீஸ் கடையின் கதவு திறந்தது. காயாத காலுறைகளை மூட்டையாகக் கட்டி வைத்ததுபோல ஒரு நாற்றம். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிட்டுத் திரும்பினேன். அவரைக் காணவில்லை. கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"இஞ்சேரும், நாறுதெல்லே?"

"ஓம், தாங்கேலாது. வாங்கோ."

"எனக்கும் நாறுது," என்றார்.

நடைபாதையில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபடியே நான் அழுதும் விட்டேன். கடைக்காரப் பெண் வெளியே வந்து ஏதோ கேட்டாள். எங்களிடம் பிரெஞ்சு இல்லை. இருந்ததிலேயே மோசமாக நாறியதை அவர் விரலால் காட்டினார். அவள் புருவத்தை உயர்த்தி, காகிதத்தில் சுற்றித் தந்தாள்.

ஆற்றங்கரைக் கல்லில் அமர்ந்து, பேக்கரியில் வாங்கிய பாணோடு அதைப் பிய்த்துச் சாப்பிட்டோம்.

"ருசி தெரியுதே?"

"கொஞ்சம். தூரத்தில ஆரோ சமைக்கிற மாதிரி."

மிச்ச நாட்களில் அவர் மூக்கை முன்னே விட்டு நடந்தார். ஈரக் கல், வறுத்த கஷ்கொட்டை, யாரோ புகைத்துவிட்டுப் போன சுருட்டு. கடைசி இரவு வெங்காய சூப் வந்தபோது திரும்பவும் ஒன்றும் தெரியவில்லை. கோப்பைக்கு மேல் குனிந்து, ஆவி முகத்தில் படக் காத்திருந்தார். சூப் ஆறிவிட்டது. அப்படியே குடித்தார்.

மெல்பேர்ன் திரும்பியும் மணம் இன்னும் முழுதாய் வரவில்லை. கோப்பி றப்பர் எரிவதுபோல மணக்கிறதாம். மழை விட்ட மாலைகளில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே மூச்சை இழுத்தபடி நின்றுவிடுவார். நானும் நிற்பேன். சில நாட்களில் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு நடப்பார். சில நாட்களில், "ஓம்" என்பார்.