இடது மட்கார்டு

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. யாராவது அதைப் பழசு என்று சொல்லிவிட்டால் ஒரு வாரம் அவர்களோடு பேசமாட்டார். கம்பெனியில் அடித்து அனுப்பிய அதே வெளிர்நீலப் பெயிண்ட், இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்று காரிமங்கலத்தில் டீ குடிக்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்லுவார். பெருமை அவருடையது. துடைப்பது அவர் தம்பியான என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிவிடுவார். பொத்தான் உரசிவிடுமாம். காரை வேப்பமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டுபோய், மண் போக நிறையத் தண்ணீர் ஊற்றி, ஈரம் காய்ந்த பிறகுதான் துணியை எடுப்பார். அம்மாவின் நைந்த பருத்திச் சேலையில் எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். பாலிஷைத் தொட்டுத் தேய்த்தால் துணியில் லேசாக நீலம் ஏறும். பழைய பெயிண்ட் அப்படித்தான், தேய்க்கத் தேய்க்கத் துணிக்கு வந்துவிடும். அதனால் அழுத்தக் கூடாது. எனக்குக் கதவுகள் மட்டும். முன்பக்கத்து இடது மட்கார்டை அப்பா யாரையும் தொடவிடமாட்டார். ஒருநாள் அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் அதைத் தேய்த்துப் பார்த்தேன். துணியில் நீலமே ஏறவில்லை, வெள்ளையாகவே இருந்தது. அப்பா துடைக்கிற இடமே தனி என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தக் காரில் எங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் இடம், கல்லறைத் திருநாளன்று. அம்மாவின் தம்பி, என் மாமா, எனக்கு நாலு வயதாக இருக்கும்போது செத்துப்போனார். காரிமங்கலம் சந்தைக்கு வந்துவிட்டு இரவில் மொபட்டில் திரும்பியவரை ஏதோ லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது என்று சொல்வார்கள். விடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள். மொரப்பூர்ப் பக்கம் அம்மாவின் ஊரில் அவருக்குக் கல்லறை. அதற்குச் சிமென்டில் சிலுவை வைத்துக் கொடுத்தது பெரியப்பா. வருஷம் தவறாமல் எங்களைக் காரில் கூட்டிப்போய், அம்மா மெழுகுவத்தி ஏற்றி அழுது முடிக்கும்வரை வெளியே காத்திருப்பதும் அவரே. தங்கமான மனுஷன் என்று அம்மா வாயாரச் சொல்லுவாள். எனக்கு ஜன்னலோர சீட். செத்துப்போன மாமாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

எனக்குப் பத்து வயதாகும்போது, பெங்களூரில் பழைய கார்களின் கண்காட்சி நடக்கப்போகிறது, அசல் பெயிண்ட் கலையாத வண்டிகளுக்குத் தனி வரிசை என்று பெரியப்பாவின் காதில் விழுந்தது. அவர் எழுதிப்போட்டு, காரைப் பார்வையிட ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார். வந்தவர் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, காரின்மேல் இடம் இடமாக வைத்துப் பார்த்தார். பெயிண்ட் எவ்வளவு கனம் என்று அது சொல்லிவிடுமாம். கூரை, கதவு, டிக்கி எல்லாம் ஒரே மாதிரி. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் இடது மட்கார்டில் நின்றுவிட்டார்.

"இது மட்டும் அடிபட்டு, பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சிருக்குதுங்க," என்றார்.

"புளியமரத்துக் கெளை ஒடஞ்சு வுழுந்துச்சுங்க," என்றார் பெரியப்பா. ஒரு கீறல்கூட விழாத காரில் கிளை விழுந்ததை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"கெளை வுழுந்தா மேலதானுங்க நசுங்கும்?" அவர் குனிந்து சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் கைவிட்டுத் தடவினார். "இது போயி எதையோ இடிச்சிருக்குது. வேலை செஞ்சவரு நல்லாத்தான் செஞ்சிருக்காரு."

காபித் தட்டோடு நின்ற அம்மா கேட்டாள், "எத்தன வருசம் இருக்குங்க?"

"அஞ்சாறு வருசம் இருக்குமுங்க."

அம்மா பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பா, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த அந்த மட்கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அசல் வரிசையில் காருக்கு இடம் கிடைக்கவில்லை. ஓசூர்க்காரர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதன் பிறகு அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத கோபம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கும் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு, காரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

"பாப்பா, நீயும் வா," என்றாள்.

நான் காரில்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன்.

"வுடு, நான் கூட்டியாறேன்," என்றார் அப்பா. அதற்குள் அம்மா தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

பெரியப்பா தயங்கித் தயங்கிக் கிளம்புவதற்கு மத்தியானமாகிவிட்டது. நாங்கள் போனபோது அம்மா கல்லறையருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். மெழுகுவத்திகளைச் சிமென்டுச் சிலுவையின் அடியில் வைக்காமல் தள்ளி, மண்ணில் நட்டிருந்தாள். நான் கதவைத் திறந்து, மெருகில் விரல் படாமல் பதவிசாக இறங்கினேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி அவள் அதற்கு முன் என்னைப் பார்த்ததில்லை. பாவம், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள், நான் மட்டும் காரில் வந்ததில் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.