உதிரியாக வராத சோறு

எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் வாய் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிடக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அரிசி அளக்க மட்டும்தான். பிள்ளைகளே, போன வாரம் பெங்களூரிலிருந்து பெரியவள் போன் செய்தபோது உங்கள் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினாள். சாம்பார் வைக்க வேண்டுமாம். போனில் மூன்று சமையல் தளங்களைத் திறந்து வைத்திருக்கிறாளாம், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றனவாம். "எல்லாத்துக்கும் நாலரை ஸ்டார் போட்டிருக்காங்கம்மா. எதைத்தான் நம்புறது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவளே, நீ பிறப்பதற்கு முன்னால் இதே கேள்வியோடு அலைந்தவன் நான். அந்தக் கதையை நீங்கள் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோவில்பத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். டவுனில் ஓர் ஆபீசில் எனக்கு எழுத்தர் வேலை; சைக்கிளில் போய்வருவேன். முதல் கரு தங்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி உண்டானபோது, உங்கள் அம்மாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். அவளுக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. என் சொந்த ஊரான போலகத்தில் அண்ணிக்கு அறுவடை நேரம், வந்து தங்க வழியில்லை. எதிர்வீட்டு அக்கா பாவம், குழம்பும் பொரியலும் கொண்டுவந்து கொடுப்பார். அவர் படியிறங்கும்வரை உங்கள் அம்மா கிண்ணத்தை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பிறகு அது என் தட்டுக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "இன்னும் இறங்கினா இங்கேயே சேத்துடுவேன். எதையாவது சாப்பிட வைங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சைக்கிளில் திரும்பும்போது கேரியரில் இருந்து உங்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதுவும் போயிடுமாங்க?" நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

அதுவரை எனக்கு ஸ்டவ் பற்றவைக்கக்கூடத் தெரியாது. பத்தாவது படித்தவன், எதையும் படித்தால் செய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த தடித்த சமையல் புத்தகம் ஒன்று பெட்டிக்குள் பிரிக்காமல் இருந்தது. வாரப் பத்திரிகையோடு இலவசமாக வரும் சமையல் இணைப்புகள் பழைய பேப்பர் கடையில் கட்டாகக் கிடைத்தன. மத்தியானம் ரேடியோவில் மகளிருக்கான நிகழ்ச்சி இருந்தது, ஆனால் அதில் பேசுகிறவர் மூச்சுவிடாமல் ஓடுவார். நான் வெங்காயத்தை எழுதி முடிப்பதற்குள் அவர் கொத்தமல்லி தூவி இறக்கிவிடுவார். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் இணைப்பைப் பிரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரே ரசத்துக்கு ஒன்று புளியைக் கரைக்கச் சொல்லும், இன்னொன்று புளியே வேண்டாம் என்னும். தலைமை எழுத்தர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஆபீசர் பரீட்சைக்குத்தான் படிக்கிறேன்னு நெனச்சேன். அவியலா படிக்கிறே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவரே தன் வீட்டிலிருந்து இரண்டு இணைப்புகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வழி கண்டுபிடித்தவள் உங்கள் அம்மாதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "படிச்சுக் காட்டுங்க. கேக்கும்போதே குமட்டாததைச் செய்ங்க" என்றாள். நானும் வாய்விட்டுப் படித்தேன். அநேகமாக முதல் வரி தாண்டாது. "எண்ணெய் காய்ந்ததும்" என்று ஆரம்பித்தாலே கையை உயர்த்திவிடுவாள். புத்தகத்தில் நெய் தாராளமாக ஊற்றுவார்கள். அதற்கும் கை உயரும். அப்படிப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனதில், இணைப்பு ஒன்றில் எலுமிச்சை சாதம் வந்தது. கை உயரவில்லை. "எலுமிச்சம்பழமா?" என்று திரும்பினாள். உடனே அடுப்படிக்கு ஓடினேன். ஆனால் அந்த இணைப்பு, "உதிரியாக வடித்த சாதம் இரண்டு கப்" என்று ஆரம்பித்ததே தவிர, சாதத்தை எப்படி உதிரியாக்குவது என்று சொல்லவில்லை. கஞ்சி வடிக்க எனக்குப் பயம். தடித்த புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு கப் அரிசிக்கு இரண்டரைக் கப் தண்ணீர், வடிக்க வேண்டாம் என்று இருந்தது. எங்கள் வீட்டில் கப் ஏது? டம்ளரைக் கப் ஆக்கினேன். அண்ணன் போலகத்திலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய எங்கள் வயல் அரிசியை அளந்து, தண்ணீரையும் அளந்து, ஒரு சொட்டுப் பிசகாமல் ஊற்றினேன்.

மூடியைத் திறந்தால் களி. கரண்டியை நட்டால் நிற்கும்போல இருந்தது. சூடான மூடி கையைச் சுட, பதறியதில் மேடையில் இருந்த டம்ளர் உருண்டு அம்மிக்கல்லில் விழுந்து வாய் நசுங்கியது. சத்தம் கேட்டு உங்கள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பானைக்குள் பார்த்தாள். "தை மாசத்து அரிசிக்கா இவ்ளோ தண்ணி வச்சீங்க?" என்றாள். "புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். "அவங்க கடையில வாங்குற பழைய அரிசிக்குப் போட்டிருப்பாங்க. புது அரிசி குழையும்னு வயக்காட்டுல பொறந்த உங்களுக்குத் தெரியாதா? இதைப் போலகத்துல சொன்னா உங்களை வரப்புல ஏத்த மாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. தாளிப்பதற்கு வாணலியைக் கையில் எடுத்தேன். "அது வேணாங்க" என்று தடுத்தவள், பானையை மறுபடி எட்டிப் பார்த்து, "அதுல உப்புப் போட்டு பழத்தைப் பிழிஞ்சு கொடுங்க" என்றாள்.

அப்படியே பிசைந்து கிண்ணத்தில் கொடுத்தேன். சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து விரல் நுனியால் வழித்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். கொல்லைக் கதவை நான் முன்னெச்சரிக்கையாகத் திறந்தே வைத்திருந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கிண்ணம் காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் இருக்கா?" என்றாள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதியை எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது. பானையோடு எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். அன்றைக்கு அவள் கொல்லைக்கு ஓடவில்லை. சாப்பிட்ட இடத்திலேயே சுருண்டு தூங்கிவிட்டாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் ஆபீசுக்கு லீவு சொல்லாமலே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தக் களியேதான் தினமும். சில நாள் மோர், சில நாள் நார்த்தங்காய். அடுத்த முறை டாக்டரம்மா எடை முள்ளைப் பார்த்துத் தலையாட்டினார். "என்ன கொடுக்குறீங்க?" என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. "எலுமிச்சை சாதம்ங்க" என்றேன். உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்தப் புத்தகத்தையும் இணைப்புகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். எழுதினவர்களுக்கு எங்கள் வீட்டு அரிசி எந்த மாதத்து அரிசி என்று தெரியாது, சாப்பிடப் போகிறவள் யார் என்றும் தெரியாது. அதை அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் பெரியவளுக்கு உங்கள் அம்மா சொன்ன பதில் இதுதான்: "மூணையும் வாய்விட்டுப் படிடி. எதைப் படிக்கிறப்ப பசிக்குதோ அதைச் செய்." பெரியவள் விடவில்லை. "ஒரு கப்புன்னா எவ்ளோம்மா?" உங்கள் அம்மா கையில் இருந்த டம்ளரை என் பக்கம் தூக்கிக் காட்டி, "அதை உங்கப்பாகிட்ட கேளு. அவருதான் ஒரு சொட்டுப் பிசகாம ஊத்துறவரு" என்றாள். ராத்திரி மறுபடி போன் வந்தது. சாம்பார் கெட்டியாகிவிட்டதாம், கூட்டு மாதிரி இருக்கிறதாம். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள் உங்கள் அம்மா.

"சாப்பிட்டேம்மா. ரெண்டு தரம் போட்டுக்கிட்டேன்."

உங்கள் அம்மா போனை வைத்துவிட்டு, மறுநாளைக்கு அரிசி அளந்து எடுத்துக்கொண்டு, டம்ளரைத் திரும்பப் பானைக்குள் போட்டாள்.