காம்பரா ஒன்று, அடுப்பு இரண்டு

புகைக்கூடத்தில் காயும் ரப்பர் ஷீட் வாசம்... அந்தத் தோட்ட ஆபீஸில் டீ குடித்தாலும் அதே வாசம்தான்.

இலங்கையில், தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மலை சரியும் என்று தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்து புது வீடு கொடுக்க இருந்தார்கள். யாருக்கு வீடு என்ற பட்டியலைத் தயாரிக்கும் வேலை எனக்கு. படிப்பு முடித்த கையோடு வந்தவள், கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. டேட்டாவில் சில காம்பரா நம்பர்கள் இரண்டு தடவை வந்தன. டைப் செய்தவர் தூங்கிவிட்டார் போலும் என்று நினைத்து, நம்பருக்கு ஒரு பெயர் மட்டும் எடுக்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளையாக ஒரு குவெரி எழுதினேன். ஒரு எரர்கூட வரவில்லை! பிரிண்ட் எடுத்து வெளியே ஒட்டினேன். வெள்ளிக்கிழமை அது கொழும்புக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை பார்வதி வந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், என் வயதுதான், இடுப்பில் குழந்தை.

"மிஸ், எங்க பேரு இல்லீங்களே."

"சரி, கடைசியில கையால எழுதிடுறேன்."

வேறு யாராக இருந்தாலும் அதோடு போயிருப்பார்கள்.

"எம்பேர மட்டும் எழுத வேணாங்க மிஸ். இன்னும் யாரு யாரு விட்டுப்போச்சுன்னு பாக்கணும்ல. ஒரு காப்பி குடுங்க."

மழையில் நான்கு லயமும் ஏறி இறங்கிவிட்டு மறுநாள் வந்தாள். பட்டியலின் பின்பக்கம் அவளுடையதோடு சேர்த்துப் பதினொரு பெயர்கள்.

"எல்லாம் என்னைய மாதிரி ஆளுங்கதான் மிஸ். காம்பரா ஒண்ணு, அடுப்பு ரெண்டு."

எனக்கு முகம் சுட்டது. மகனுக்குக் கல்யாணமானால் காம்பராவை இரண்டாகத் தடுத்து இன்னொரு அடுப்பு வைப்பார்கள். குடும்பம் இரண்டாகும், நம்பர் மாறாது. புளத்கொகுபிட்டியவில் ஒரு லயத்தில், அப்படி ஒரு இரண்டாவது அடுப்புச் சோறு தின்று வளர்ந்தவள்தான் நான்! எனக்குத் தோன்றவே இல்லை.

நம்பரோடு குடும்பத் தலைவர் பெயரையும் சேர்த்துப் பார்க்கும்படி குவெரியை மாற்றினேன். பதினொரு பேரும் பட்டியலில் வந்தார்கள். பார்வதி மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். தன் பெயரைக் கடைசியில்தான் தேடினாள்.

"ஹரி மிஸ், இப்ப அனுப்புங்க" என்றாள், சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, என் மேலதிகாரி மாதிரி.

வீடு கட்டி முடிய வருஷங்கள் ஆயின. அவளுக்கும் ஒன்று கிடைத்தது.

இப்போது எனக்குக் கொழும்பில் ஏசி ஆபீஸ். ஒரு கமா தவறினாலும் ஸ்கிரீன் சிவந்துவிடுகிறது. ஆனால் நினைப்பு தவறினால் அது இன்றைக்கும் வாயே திறப்பதில்லை. பிழை கண்டுபிடிக்க எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை செய்துவிட்டேன்... பார்வதி அளவுக்கு ஒருவரையும் பார்க்கவில்லை.

நான் அனுப்பும் பட்டியல்களில் இன்றும் யாராவது விடுபட்டிருப்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கேட்க, அவர்களுக்கு இந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.