வெற்றிடத்தில் ஒரு சத்தம்

விண்வெளியில் சத்தம் கேட்காது. காற்று இல்லாத இடத்தில் ஒலி போக வழியில்லை. இதை ஒன்பதாம் வகுப்புக்கு நான் வருஷாவருஷம் நடத்துகிறேன். நான் பித்துப் பிடித்துப் பார்த்த ஒரு விண்வெளித் தொடரும் இதை மதித்தது. அதில் கப்பல்கள் ஓசையில்லாமல் உடையும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்து சீசனையும் மூன்று முறை பார்த்தேன்.

பிறகு, அந்தக் கதைக்கு முப்பது வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்ல ஒரு முன்கதைத் தொடர் வருவதாக அறிவித்தார்கள். நான்கு வருஷம் காத்திருந்தேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. மே மாத விடுமுறையில் அது வெளியானது. சிவகாசி வெயில் மண்டையைப் பிளக்கும் பதினொரு மணிக்கு, ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, புதிதாக வாங்கிய பெரிய ஸ்பீக்கரை மாட்டி உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் கடுப்பு தொடங்கிவிட்டது. பழைய தொடரில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத கேப்டன், இதில் இளைஞனாக வந்து வாயை மூடவேயில்லை. அவன் கன்னத்துத் தழும்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டானாம். இதற்கா நான்கு வருஷம்?

அடுத்து ஒரு பெரிய கப்பல் வெடித்தது. டமாரென்ற சத்தத்தோடு. பாத்திர அலமாரி அதிர்ந்தது. பாவிகள், காற்றே இல்லாத இடத்தில் வேட்டுப் போட்டிருந்தார்கள். படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, ரசிகர் குழுவில் அவர்களைத் திட்டி எழுத போனை எடுத்தேன். அதற்குள் தெருவில் கதவுகள் வரிசையாகத் திறந்தன.

எங்கள் தெருவில் பாதி வீடுகளிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகிறார்கள். சத்தம் கேட்டால் முதலில் வெளியே வந்து எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று பார்ப்பார்கள். உடனே போன் போடுவார்கள். நான் எட்டிப் பார்த்தபோது ஏழெட்டுப் பெண்கள் காதில் போனோடு வானத்தைப் பார்த்து நின்றார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் கணவர் காலையில்தான் கம்பெனி வேனில் தாயில்பட்டி ஆலைக்குப் போயிருந்தார். ஆலைக்குள் செல்போன் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்தார்.

“யக்கா, அது எங்க வீட்டு டிவி” என்றேன். “ஒரு கப்பல் வெடிச்சுச்சு. இங்கன ஒண்ணுமில்ல.”

மற்றவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். “நல்லா வாங்குனீக டீச்சர் ஸ்பீக்கரு” என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அக்கா மட்டும் நகரவில்லை.

“நீங்க சொல்றது சரிதான் டீச்சர். இருந்தாலும் அவுக குரலக் கேட்டுட்டாத் தேவலை.”

வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. ஆலையின் ஆபீஸ் நம்பருக்கு இருவரும் மாறி மாறி அடித்தோம். யாரும் எடுக்கவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடலாம் போலிருந்தது. சாப்பாட்டு நேரத்தில்தான் ஒருவர் எடுத்து, அக்காவின் கணவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

“சாப்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்டார் அக்கா. பதிலைக் கேட்டுக்கொண்டு, “சரி” என்று வைத்தார். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அப்புறம்தான் டிவி பக்கம் திரும்பினார். வெடித்துச் சிதறும் கப்பல் அப்படியே நின்றிருந்தது.

“இதுதானா?”

“இதான்க்கா. நெசத்துல சத்தமே வரக் கூடாது. அங்கன காத்தே கிடையாது. தப்பா எடுத்துருக்காக.”

தலையை ஆட்டினார். கண்ணை எடுக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள எத்தன பேரு டீச்சர்?”

“தெரியலக்கா” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. கப்பலைப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்டேன், கோபப்பட்டேன். உள்ளே ஆள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.