ஷினாருக்காக ஒரு கையெழுத்து

கஜகஸ்தானில், சிம்கெண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ரசாயன அலமாரிச் சாவியை வைத்திருந்தவள் ஒராஸ்குல். அவளோடு அதே அறையில் வேலை பார்த்தவன் நான். நடந்ததை நினைத்தால் இன்னும் எங்கள் எல்லோரையும் திட்டத் தோன்றுகிறது.

அலமாரியில் அவள் அதிகம் பயந்தது டிரைபியூட்டைல்பாஸ்பீன் என்ற நிறமில்லாத திரவத்துக்கு. காற்றுப் பட்டால் சூடேறும்; காகிதத்தில் ஊறினால் தானே பற்றிக்கொள்ளும். காற்றை விலக்க நைட்ரஜன் வாயு ஓடும்போதுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். அதை உறிஞ்சி எடுக்கும் ஊசியை ப்ளீச் கரைசலில் கழுவாமல் வெளியே எடுக்கக் கூடாது.

"பூண்டு வாசனை வந்தா அது கசியுதுன்னு அர்த்தம்; யாரோ சமைக்கிறாங்கன்னு நினைக்காதீங்க, ஓடுங்க" என்று வருஷாவருஷம் பாதுகாப்பு வகுப்பில் சொல்வாள். கேட்டவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த வருஷ வகுப்புக்கு எங்களோடு வேலை பார்த்த ஷினார் வரவில்லை. பதினாறு வருஷமாக ஒராஸ்குலோடு ஒரே கெட்டிலில் டீ குடித்தவள். அன்று அவள் பேரனுக்குக் கால்கயிறு வெட்டும் விழா, முதலடி வைக்கும் பிள்ளையின் கால்களைக் கட்டிய கயிற்றை வெட்டிவிடும் சடங்கு. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டால் அதைத் தள்ளிப்போட முடியுமா?

"அக்கா, எனக்கும் சேர்த்துக் கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க. எனக்குத் தெரியாததா?" என்றாள் முந்தின நாள்.

"வந்ததும் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுடி."

"சரி சரி, பவுர்சாக் உருண்டை பொரிச்சு எடுத்துட்டு வரேன்."

பவுர்சாக் வந்தது. பத்து நிமிஷம் வரவில்லை. எங்கள் கூடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவோம், நானும்தான்.

மூன்றாம் வாரம் ஷினார் அந்தத் திரவம் ஒட்டிய ஊசியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கூடை எரிந்தது, ஜன்னல் திரை எரிந்தது, அவள் புறங்கையும் வெந்தது.

விசாரணையில் இயக்குநர் பதிவேட்டைத் திறந்தார். ஷினார் பேருக்கு நேரே கையெழுத்து இருந்தது.

"இது என் கையெழுத்தே இல்லைங்கய்யா. எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரல" என்றாள் ஷினார். ஒராஸ்குல் பக்கம் திரும்பவே இல்லை.

"பின்ன யார் போட்டது?"

"நான்தான்" என்றாள் ஒராஸ்குல்.

ஒராஸ்குலின் வேலை அன்றே போனது. அந்த அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட, நாங்களும் இப்படித்தான் போடுகிறோம் என்று சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அந்தத் திரவம் அரை பாட்டில் மிச்சம் இருந்தது. அதை அழிக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஒரு வாரம் கழித்து இயக்குநர் அழிக்கும் முறையைக் கேட்டு வர ஷினாரை ஒராஸ்குல் வீட்டுக்கு அனுப்பினார், துணைக்கு என்னையும். ஒராஸ்குல் உட்காரச் சொன்னாள், டீ ஊற்றவில்லை. அந்த வீட்டில் டீ இல்லாமல் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

நைட்ரஜனை நிறுத்தாதே, முதலில் கரைப்பானில் நீர்க்க வை, ஐஸில் குளிர்ந்த ப்ளீச்சில் சொட்டுச் சொட்டாக விடு, காகிதத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. நிதானமாகச் சொல்லி, அத்தனையையும் ஷினாரையே ஒரு தாளில் எழுத வைத்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க..."

"கீழே கையெழுத்துப் போடு. இந்தத் தடவை நீயே போடு."

கட்டுப் போட்ட கையால் தன் பேரை எழுதி முடிக்க ஷினாருக்கு வெகுநேரம் ஆனது.